லொறியின் முன்கூடும் காற்றின் வழியும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிக்குச் செல்லும் பழைய இரும்புப் பாலம் 1924ஆம் ஆண்டு கட்டப்பட்டது. தேசாதிபதி மனிங் அவர்களுடைய பாரியாரின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. ஒரு வேளையில் ஒரு திசை வாகனங்களுக்கு மட்டுமே இடங்கொடுக்கும் ஒடுங்கிய பாலம் அது. அதன் அருகே 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அகன்ற புதிய பாலம் திறக்கப்படும் வரை, அக்கரை வாகனங்கள் வந்து சேரும் மட்டும் இக்கரை வாகனங்கள் வரிசையிலே காத்து நின்றன. நிலாக் காலத்திலே தோணியேறிச் சென்று, துடுப்பை நீரில் ஊன்றி, அதன் மேல்நுனியிற் காதை வைத்து, மீன் பாடுகின்றதா என்று மக்கள் கேட்டு மகிழ்ந்த இடமும் இந்தப் பாலத்தடியே. ஆனால், நண்பகலில் நெல் மூடைகளைச் சுமந்துகொண்டு பாலத்தின் தலைப்பில் நின்ற லொறியின் சாரதிக்கு மீனின் பாட்டு நினைவில் வந்திராது. லொறி ஓடிக்கொண்டிருந்தவரை அவர் முகத்திற் காற்று வீசிற்று. லொறி நின்ற ஐந்தாம் நிமிடத்தில் முதுகுச் சட்டை ஆசனத்தோடு ஒட்டிக்கொண்டது. பத்தாம் நிமிடத்தில் கண்ணிமைகள் கனத்தன.

வெயில் மாறவில்லை; வாகனம் மாறவில்லை; மனிதரும் மாறவில்லை. மாறியது ஒன்றே: முன்கூட்டினுள்ளே ஓடிக்கொண்டிருந்த காற்று நின்றுவிட்டது. கராஜ்களிலே கபின் என்று வழங்கும் இந்த முன்கூடு, ஆறடி அகலமும் ஐந்தடி உயரமுங்கூட இல்லாத சிறு தகரப்பெட்டி. அதனுள்ளே சாரதியும் கிளீனரும், சில வேளைகளில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவரும் நெருக்கியடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கின்றனர். வாவியில் பிடித்த இறாலுக்குப் பனிக்கட்டி உண்டு. படுவான்கரை நெல்லுக்குத் தார்ப்பாய் உண்டு. முட்டைப் பெட்டிக்கு வைக்கோல் மெத்தை உண்டு. சுமைக்குச் செய்கின்ற இத்தனை உபசாரங்களில் ஒரு பங்காயினும், சுமையைக் கொண்டு செல்லும் மனிதர் சுவாசிக்கும் காற்றுக்குச் செய்யப்படுகின்றதா என்பதே இன்று ஆராயவேண்டிய விடயம்.

பழைய லொறிகளைச் செய்தவர்கள் இதனை முற்றாக மறந்துவிட்டனர் என்று சொல்லுதல் நியாயமன்று. இலங்கைத் தெருக்களிலே நெடுங்காலம் ஓடிய பெட்போர்ட் லொறிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றுள், 1958ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஜே வரிசை லொறிகளின் எஞ்சின், சாரதிக்கு முன்னால் மூக்குப் போல நீண்டிருந்தது. 1960இல் வந்த டி.கே. வரிசையிலோ எஞ்சின் ஆசனத்தின் கீழும் பின்னுமாக ஒதுங்கியது. வேறு பல லொறிகளில் அது சாரதிக்கும் கிளீனருக்கும் நடுவே ஒரு மூடியின்கீழ் அமர்ந்து, அடுப்படிக் கல்லைப் போலச் சுட்டுக்கொண்டிருந்தது. சுமைக்கு இடம் கூடிற்று. ஆனால், எஞ்சினின் வெப்பம் மனிதரின் முழங்காலுக்கு அருகே வந்து சேர்ந்தது. இவ்வெப்பத்தை வெளியேற்ற, பழைய லொறிகள் பலவற்றில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு மூடி இருக்கும். உள்ளேயிருந்து ஒரு பிடியைத் தள்ளினால் மூடி நிமிர்ந்து எதிர்க்காற்றை உள்ளே விடும். கதவுக் கண்ணாடியின் முன்மூலையிலே முக்கோணக் கண்ணாடி ஒன்றும் இருக்கும். அதைத் திருப்பிய பக்கமெல்லாம் காற்றும் திரும்பும். விலையில்லாத காற்றாடிகள் இவை. வாவிக்கரையின் உப்புக் காற்றிலே பிடி துருவேறி, மூடி அசையாமற் போன பிறகு, அப்படியொரு வசதி தம் வண்டியில் இருந்ததையே பலர் மறந்துவிட்டனர்.

ஓடும் லொறியில் காற்று எவ்வாறு புகுகின்றது, எவ்வாறு வெளியேறுகின்றது என்பதை அறிந்துகொள்வது பயன்தரும். லொறியின் முன்முகம் காற்றை இடித்துத் தள்ளுகின்றது. ஆதலின் அங்கே அமுக்கம் மிகுதி. பக்கங்களிலும் பின்புறத்திலும் அமுக்கம் குறைவு. எனவே, முன்னே ஒரு வாயிலும் பக்கத்தில் ஒரு வாயிலும் திறந்திருந்தால், காற்று முன்னால் நுழைந்து பக்கத்தால் வெளியேறும். முன்வாயிலை அடைத்துவிட்டுப் பக்கக் கண்ணாடியை மட்டும் இறக்கினால், முன்கூட்டிலுள்ள காற்று உறிஞ்சப்படுகின்றது. அந்த வெற்றிடத்தை நிரப்பக் காற்று வேறு வழி தேடும். கியர்த் தண்டின் அடியிலே கிழிந்த இறப்பர் உறை, எஞ்சின் மூடியின் இடுக்கு, தளத்திலே துரு தின்ற ஓட்டை ஆகியவை அதற்கு வழியாகும். அப்பொழுது உள்ளே வருவது வாவிக்காற்றன்று. எஞ்சினின் வெப்பமும் புகையுந்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எதிர்க்காற்றின் அமுக்கம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 60 கிலோமீற்றரில் கிடைக்கும் அமுக்கத்தின் நான்கில் ஒரு பங்கே 30 கிலோமீற்றரிற் கிடைக்கும். நின்ற லொறிக்கு எதுவுமே கிடையாது. அந்த வேளைக்காகவே மின்விசிறி வேண்டியிருக்கின்றது.

மின்விசிறியைப் பற்றிப் பேசும்போது ஹீற்றரையும் சேர்த்தே பேச வேண்டும். ஏனெனில், பெரும்பாலான லொறிகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கியவை. எஞ்சினைக் குளிரச் செய்து சூடேறிய நீரிலே ஒரு பகுதி, இறப்பர்க் குழாய் வழியாக ஒரு சிறு ரேடியேற்றருக்கு வருகின்றது. அதன்மேல் விசிறி காற்றை ஊதுகின்றது. சூடான காற்று கால்களுக்கும் முன்கண்ணாடிக்கும் செல்கின்றது. வெப்பம் வேண்டாதபோது நீர்க்குழாயிலுள்ள திறப்பை அடைத்துவிட்டால், அதே விசிறி வெளிக்காற்றை அப்படியே கொண்டுவந்து தரும். எனவே, ஹீற்றர் விசிறி என்பது குளிர் நாட்டவருக்கு மட்டும் உரிய பொருளன்று. வெப்ப நாட்டிலே அதுவே காற்றோட்ட விசிறி.

1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர், யப்பானில் ஓடிப் பழகிய லொறிகள் பெருந்தொகையாக இலங்கைக்கு வரலாயின. இசுசு எல்ப், மிற்சுபிசி கன்ரர் போன்ற அவ்வண்டிகள் பனி பெய்யும் ஊர்களிலே வாழ்ந்தவை. ஆதலால் ஹீற்றரோடேயே வந்தன. வாவிக்கரைச் சாரதி அதனைக் கண்டு நகைத்திருப்பார். வெயிலே ஹீற்றராக இருக்கும் ஊரில் வேறு ஹீற்றர் எதற்கு? ஆகவே அதன் திறப்பை எவரும் தொடவில்லை. தொடாத திறப்பு துருப்பிடித்து, பாதி திறந்தபடியே இறுகிப்போயிற்று. அன்று தொடங்கி, ஆடி மாத நண்பகலிலும் கொதிநீர் அச்சிறு ரேடியேற்றரில் ஓடிக்கொண்டேயிருந்தது. விசிறியைப் போட்டால் சூட்டுக்காற்று; நிறுத்தினாலும் காலடியில் வெக்கை. சாரதி கோபித்துக்கொண்டு விசிறியை நிரந்தரமாக நிறுத்திவிட்டார். குற்றம் விசிறியிலன்று, திறப்பிலே. ஆனால் தண்டனையை அடைந்தது விசிறி. சில கராஜ்களிலே ஹீற்றருக்குச் செல்லும் குழாய்களைத் துண்டித்து, இரண்டையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவர். வெக்கை தணியும் என்பது மெய்யே. எனினும், அந்த வண்டி மலைநாட்டுக்குப் போகும் இரவிலே என்ன நேரும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

விசிறியின் குணங்களைச் சற்று நுணுகிப் பார்ப்போம். பழைய விசிறிகளின் ஆளியிலே மூன்று நான்கு நிலைகள் இருக்கும். மெதுவாகச் சுழல்வதற்கு, மின்னோட்டத்தின் வழியிலே ஒரு தடைக்கம்பி சேர்க்கப்படுகின்றது. கணக்கை எளிதாக்குதற்பொருட்டு, மோட்டாரின் தடை 4 ஓம் என்று கொள்வோம். பற்றரி 24 வோல்ற். நேரே இணைத்தால் 6 அம்பியர் ஓடும். இன்னுமொரு 4 ஓம் தடையைச் சேர்த்தால் 3 அம்பியரே ஓடும், விசிறியும் மெதுவாகும். ஆனால் அத்தடைக்கம்பியில் 36 வாற்று வலு வெப்பமாகக் கழிகின்றது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாக மின்சாரம் எரிக்கும் சிறு அடுப்பு அது. அது வெந்து போகாதிருக்க, செய்தவர்கள் அதனை விசிறிக்காற்றின் பாதையிலேயே வைத்திருக்கின்றனர். உச்ச வேகத்தில் மாத்திரம் மின்னோட்டம் அத்தடையைத் தொடாமல் நேரே மோட்டாருக்குச் செல்லும்.

இதனை அறிந்தவருக்கு, கராஜ்களில் அடிக்கடி கேட்கும் ஒரு முறைப்பாட்டின் பொருள் உடனே விளங்கும். "முதல் நிலையில் வேலையில்லை, இரண்டாம் நிலையில் வேலையில்லை, கடைசி நிலையில் மட்டும் புயல் போல வீசுகின்றது" என்பர். மோட்டார் நல்லது, உருகி நல்லது, எரிந்துபோனது தடைக்கம்பி. புதிய தடையைப் போட்டதும் விசிறி மூன்று நிலைகளிலும் சுழலும். ஆனால் அறுவடை முடிவதற்குள் அதே முறைப்பாடு திரும்பி வந்தால், தடை விற்ற கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை. படுவான்கரைக் களங்களிலே நெல்லேற்றும் லொறியின்மேல் பதரும் வைக்கோல் தூசும் மழை போலப் பொழிகின்றன. காற்றுப் புகும் வாயில் அவற்றால் அடைபடுகின்றது. காற்றுக் குறையவே, தடைக்கம்பியின் வெப்பத்தை எடுத்துச் செல்வாரில்லை; அது வெந்து அறுகின்றது. நோய் ஓரிடத்தில், வலி வேறோரிடத்தில். அடைப்பை நீக்காமல் தடையை மாற்றுவது, கூரை ஒழுகும் வீட்டில் நிலத்தை மட்டும் துடைப்பதை ஒக்கும்.

விசிறி வேறு விதங்களிலும் தன் நோயைச் சொல்லும். குழியில் விழுந்து எழும்போது மட்டும் சுழன்றால், மோட்டாரின் உள்ளே காபன் தூரிகைகள் தேய்ந்துவிட்டன என்பது பொருள். கிறீச்சிட்டு அழுதால், அச்சுத் தாங்கி உலர்ந்துவிட்டது. எந்த நிலையிலும் அசைவில்லை என்றால் உருகியையும், ஆளியையும், வண்டியின் உடலோடு இணைக்கும் நிலத்தொடுப்பையும் பார்க்க வேண்டும்; உப்புக்காற்று முதலிற் கடிப்பது அந்த நிலத்தொடுப்பையே. விசிறி நன்றாகச் சுழன்றும் காற்றுக் குறைவாக வந்தால், அடைப்பைத் தேடியும் காணாவிடில், கம்பிகள் மாற்றி இணைக்கப்பட்டனவா என்று பார்த்தல் நலம். கூடை போன்ற இவ்வகை விசிறி எதிர்த்திசையிற் சுழன்றாலும் காற்றை முன்போல ஒரே பக்கமாகவே தள்ளும். ஆனால் மிகக் குறைவாகவே தள்ளும். அதனால் இந்தத் தவறு வெகுநாட் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். மெதுவான வேகத்தை இழிவாக எண்ணவும் வேண்டியதில்லை. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் அதனைச் சுழற்றத் தேவையான வலு எட்டில் ஒரு பங்காகிவிடும். குறைந்த நிலையில் நாள் முழுவதும் ஓடும் விசிறி, உச்ச நிலையில் ஒரு மணி நேரம் ஓடி எரிந்துபோகும் விசிறியினும் மேலானது.

இனி, வாவிக்கரையின் காற்றுகளைப் பார்ப்போம். ஆனி, ஆடி மாதங்களிலே இப்பகுதியிற் கச்சான் வீசும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே தன் நீரையெல்லாம் பொழிந்துவிட்டு, கிழக்குச் சரிவிலே இறங்கும்போது உலர்ந்து சூடேறி வருகின்றது, அதுவே கச்சான். அந்நாட்களில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டுவதும் உண்டு. மனிதத் தோலின் வெப்பநிலையும் ஏறக்குறைய அவ்வளவே. ஆதலால், அப்போது முகத்தில் வீசும் காற்றே உடலைக் குளிரச் செய்வதில்லை. வியர்வை ஆவியாவதே குளிரச் செய்கின்றது. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து கொண்டுபோகும். கச்சான் உலர்ந்த காற்றாகையால் வியர்வையை விரைவிற் குடித்துவிடும். சட்டை நனையவில்லை என்பதால் வியர்க்கவில்லை என்று சாரதி எண்ணிவிடலாகாது. நீர் அருந்தாமல் கச்சானிலே நெடுந்தூரம் ஓட்டுபவருக்குத் தலைவலியும் மயக்கமும் வருவது இதனாலேயே.

கார்த்திகை முதல் தை வரை வாடையின் காலம். ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்போதுதான் கொட்டுகின்றது. வெளியே ஈரம்; உள்ளே மூவரின் மூச்சு. ஒருவர் சும்மா அமர்ந்திருக்கும்போதே மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீரைச் சுவாசத்தாலும் தோலாலும் வெளிவிடுகின்றார். மழைக்காகக் கண்ணாடிகள் ஏற்றப்பட்டிருப்பதால் அந்நீராவிக்குப் போக்கிடம் இல்லை. மழை பட்டுக் குளிர்ந்த முன்கண்ணாடியிலே அது படிந்து வெண்திரையாகின்றது. கிளீனர் சாரத்தின் நுனியால் துடைக்கிறார். ஒரு நிமிடத்திலே மீண்டும் திரை. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் அத்திரையிலே பரந்து, தெருவோரத்தில் சைக்கிளிற் செல்பவரை விழுங்கிவிடுகின்றது.

இந்த வெண்திரையைக் கலைப்பதற்கே ஹீற்றர் வேண்டும். 20 பாகையில் ஒரு கனமீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 பாகையில் 30 கிராம் வரை தாங்கும். நீராவி நிறைந்த காற்றையே சற்றுச் சூடாக்கினால் அது இன்னும் நீரை ஏற்கும் தாகத்தைப் பெற்றுவிடுகின்றது. அந்தத் தாகமுள்ள காற்றைக் கண்ணாடிமேல் ஊதினால் படிந்த நீர் மறையும். ஆனால் அந்நீராவி வெளியேற ஒரு வழி வேண்டும். பக்கக் கண்ணாடி இரண்டு விரல் அகலமாவது இறங்கியிருக்க வேண்டும்.

இலங்கையின் ஏ5 நெடுஞ்சாலை இவ்வுண்மைக்கு நல்ல சான்று. செங்கலடியிலே தொடங்கும் அச்சாலை, கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று ஏறிப் பதுளையை அடைந்து, வெலிமடை வழியாக நுவரெலியாவுக்குச் சென்று, பேராதனையில் முடிகின்றது. வாவிக்கரை கடல்மட்டத்தில், நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில். ஆயிரம் மீற்றர் ஏற வெப்பம் ஆறு பாகைக்கு மேலாகக் குறையும். எனவே, அரிசியும் கருவாடும் தேங்காயும் ஏற்றிக்கொண்டு மாலையில் புறப்பட்டு, கரட்டும் லீக்சும் கோவாவும் ஏற்றிவர மலைக்குப் போகும் லொறி, ஒரே இரவில் இரண்டு தேசங்களைக் கடக்கின்றது. அத்தகைய பயணமொன்றைக் கற்பனை செய்து பார்ப்போம். மழை தூறுகின்றது. ஹீற்றர்க் குழாய் துண்டிக்கப்பட்ட வண்டி. விசிறி நெடுநாளாக ஊமை.

"அண்ணன், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கட்டுமா? முன்னுக்கு ஒன்றும் தெரியவில்லையே."

"வேண்டாம் தம்பி, குளிர் பிடித்துக்கொள்ளும். நீ துடைத்துக்கொண்டு வா."

"துடைக்கத் துடைக்க வருகுது அண்ணன்."

"எஞ்சின் மூடியிற் காலை வைத்துக்கொள். சூடாக இருக்கும். பதுளைக்குப் போய்த் தேநீர் குடிப்போம்."

இந்த உரையாடலில் எவரிடமும் அசட்டை இல்லை, அன்புதான் இருக்கின்றது. தம்பிக்குக் குளிரக்கூடாதென்று அண்ணன் கண்ணாடியை ஏற்றுகிறார். அண்ணனுக்குத் தெரு தெரியவேண்டுமென்று தம்பி உறங்காமல் துடைக்கிறார். ஆயினும், கண்ணாடி மங்குவதைக் காட்டிலும் பெரிய அபாயம் ஒன்று அந்த மூடிய கூட்டிலே வளர்ந்துகொண்டிருக்கின்றது. காற்றை அசைப்பது வேறு. காற்றை மாற்றுவது வேறு என்ற உண்மையை இங்கே தெளிவாக உணரவேண்டும்.

1858ஆம் ஆண்டில் மியூனிக் நகரத்து மக்ஸ் பொன் பெற்றன்கோபர் என்னும் அறிஞர், மனிதர் தங்கும் அறையில் காபனீரொட்சைட்டின் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அவ்வறைக் காற்று மாற்றப்படவேண்டும் என்று வரையறுத்தார். அவ்வாயு அவ்வளவில் நஞ்சு என்பதன்று. மூச்சுக்காற்று எவ்வளவு தேங்கிவிட்டது என்பதைக் காட்டும் அளவுகோல் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனிலே லெனாட் ஹில் என்பவர் மாணவர் சிலரை ஒரு சிறு மூடிய அறையில் இருத்திச் சோதனை செய்தார். வெப்பமும் ஈரமும் ஏற அவர்கள் துன்புற்றனர். உள்ளேயிருந்த மின்விசிறிகளைச் சுழற்றியதும் துன்பம் தணிந்தது. காற்றோ மாறவில்லை, அதே தேங்கிய காற்று அசைந்தது மட்டுமே. விசிறியின் பெருமையும் அதன் ஏமாற்றும் இந்தச் சோதனையிலே ஒருங்கே விளங்கும். மூடிய கூட்டில் விசிறி தரும் சுகம், காற்று நல்லது என்பதற்குச் சாட்சியாகாது.

ஏனெனில், எஞ்சினின் கழிவுக்குழாயில் ஓட்டை இருக்குமாயின், காபனோரொட்சைட்டு என்னும் வாயு முன்கூட்டிற் கசியக்கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றோடு அது குருதியின் ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, சோர்வு, உறக்கம் என்று அது படிப்படியாக வரும். நெடும்பயணத்தின் இயல்பான களைப்பென்றே சாரதி எண்ணிக்கொள்வார். டீசல் எஞ்சின் பெற்றோல் எஞ்சினைவிட இவ்வாயுவைக் குறைவாகவே வெளிவிடும் என்பது உண்மை. அதனால் அதன் புகை தீங்கற்றதாகிவிடாது. உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012ஆம் ஆண்டில் டீசல் புகையைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருட்களின் முதற்றொகுதியிற் சேர்த்தது. வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறி ஓடும்போது, முன்கூட்டின் அமுக்கம் சற்றே உயர்ந்து, தளத்து ஓட்டைகளால் புகை உள்ளே வருவதற்குப் பதிலாகக் காற்று வெளியே போகும். ஆகவே விசிறி சுகத்திற்கு மட்டுமன்றி, காவலுக்கும் நிற்கின்றது. ஆனால், விசிறி காற்றெடுக்கும் குழல் எஞ்சினருகே கிழிந்திருந்தால், அந்தக் காவலாளியே கள்வனுக்குக் கதவு திறந்துவிடுவார்.

இக்காலத்துப் புதிய லொறிகளிலே குளிரூட்டி உண்டு. அதிலும் உட்காற்றையே சுற்றவிடும் ஒரு பிடி இருக்கின்றது. விரைவிற் குளிரவேண்டுமென்று அதனைத் தள்ளிவிட்டு, இரவு முழுதும் அப்படியே ஓட்டுபவர் பலர். குளிர்ச்சி இருக்கும், காற்று மாற்றம் இராது. நள்ளிரவு இரண்டு மணிக்கு வரும் உறக்கத்தை மூவரின் மூச்சும் சேர்ந்து தாலாட்டும். இடையிடையே அப்பிடியைத் திருப்பி வெளிக்காற்றை விடுதல் வேண்டும். தெருவோரத்தில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி உறங்குவதோ ஒருபோதும் தகாது.

இன்னும் ஒரு தீய வழக்கத்தை எடுத்துச் சொல்லாமல் விடமுடியாது. விசிறியின் உருகி அடிக்கடி எரிந்தால், சிகரட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றியோ, தடித்த கம்பியை முறுக்கியோ அவ்விடத்தில் வைத்துவிடும் கெட்டித்தனம் சிலரிடம் உண்டு. உருகி எரிவது நோயன்று. மோட்டார் இறுகிவிட்டது அல்லது கம்பியின் உறை உரிந்துவிட்டது என்ற செய்தி. செய்தி சொல்பவரின் வாயை அடைத்துவிட்டால், அடுத்துச் சொல்வது நெருப்பாக இருக்கும்.

இவற்றைச் சீர்செய்யப் பெருஞ்செல்வம் தேவையில்லை. அறுவடை முடிந்ததும் காற்று வாயிலிலுள்ள பதரை அகற்றுதல் கிளீனருக்கு அரைமணி நேர வேலை. ஹீற்றர்த் திறப்பை மாதம் ஒரு முறை திறந்து அடைத்துவிட்டால் அது இறுகாது. முன்கண்ணாடியடி மூடியின் அச்சுக்கும் பிடிக்கும் இரண்டு துளி எண்ணெய் போதும். கியர்த் தண்டின் இறப்பர் உறை, எஞ்சின் மூடியின் ஓரப்பட்டி, கழிவுக்குழாயின் பொருத்து ஆகியவற்றைப் பிறேக்கைப் பார்க்கும் நாளிலேயே பார்த்துவிடலாம். குழாய்களைத் துண்டிப்பதைக் காட்டிலும் திறப்பைப் புதுப்பித்தல் மேல். ஏனெனில், கச்சானிலே வேண்டாதிருந்த வெப்பம் வெலிமடை ஏற்றத்தில் வேண்டியதாகும்.

லொறி முதலாளிமார் இதனைச் சாரதியின் சுகபோகம் என்று கருதலாகாது. ரயர் தேய்ந்தால் மாற்றுகின்றனர். அது சுமையைக் காப்பதற்காக. விசிறி நின்றால், "முன்பு விசிறியோடா லொறி ஓட்டினார்கள்?" என்று கேட்கின்றனர். முன்பு லொறிகளுக்கு முக்கோணக் கண்ணாடியும் காற்று மூடியும் இருந்தன. சாலையில் இத்தனை வாகனங்களும் இருக்கவில்லை. மங்கிய கண்ணாடியையும் கனத்த இமையையும் கொண்டு மலையிறங்கும் ஒரு லொறி, தன் சாரதியின் குடும்பத்தை மட்டுமன்றி எதிரே வரும் பேருந்திலுள்ள ஐம்பது குடும்பங்களையும் தன் பொறுப்பிலே கொண்டு செல்கின்றது.

கல்லடிப் பாலத்தடியிலே மீனின் ஒலிக்காகக் காதைத் தீட்டிக் கேட்கும் பழக்கம் வாவிக்கரை மக்களுக்கு நெடுங்காலமாக உண்டு. எஞ்சினின் சிறு முனகலையும் அறிந்துகொள்ளும் செவி சாரதிமாருக்கும் உண்டு. அந்தச் செவியைக் காலடியிலுள்ள சிறு விசிறியின் பக்கமும் சற்றுத் திருப்ப வேண்டும். வருவதற்கு ஒரு வழி, போவதற்கு ஒரு வழி, நின்ற வேளையில் தள்ளிவிட ஒரு விசிறி: முன்கூட்டிலுள்ள மனிதருக்கு வேண்டியவை இம்மூன்றுமே. இன்றிரவு செங்கலடிச் சந்தியிலிருந்து மலைக்குப் புறப்படும் லொறிகளின் சாரதிமார், பிறேக்கை ஒரு முறை மிதித்துப் பார்ப்பது போல, விசிறியின் ஆளியையும் ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுப் புறப்படுவார்களாக.